வன்னீரால் அடைபடும் பூவாளித் தலைகளும் தெளிமுனைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் மிளகாய், கத்தரி, தக்காளி, கோவா முதலியவற்றின் நாற்றுமேடைகளுக்குப் பூவாளியால் நீர் தெளித்தல் நெடுங்கால வழக்கமாகும். சில மேடைகளில் நடுப்பாகத்து நாற்றுகள் செழித்து நிற்க, ஓரங்களில் விதை முளையாதும், முளைத்தவை வாடியும் காணப்படுவதுண்டு. இதனைக் காணும் கமக்காரர் விதை பழுதென்று விதை விற்றவரை நோவார். அல்லது நாற்றழுகல் நோயெனக் கருதிப் பங்கசுநாசினியைத் தெளிப்பார். அல்லது எறும்பு விதையை இழுத்துச் சென்றதென்பார். பூவாளியின் தலையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு பார்ப்பின், துளைகளிற் பல வெண்ணிறக் கல்லால் மூடுண்டிருத்தலைக் காணலாம்.

இங்குக் குற்றம் விதையிலுமன்று, மண்ணிலுமன்று. கிணற்று நீர் நாள்தோறும் சிறிது சிறிதாக விட்டுச் சென்ற சுண்ணப் படிவே காரணமாகும். தூவல் நீர்ப்பாசனக் கருவிகளிலும், சொட்டு நீர்ப்பாசனக் குழாய்களிலும், முதுகிற் சுமக்கும் தெளிகருவியின் முனையிலும் இப்படிவு உண்டாகும். நெல் வயலுக்கு வாய்க்காலால் நீர் பாய்ச்சுவோருக்கு நீர்ப்பாசனத்தில் இத்தொல்லை இல்லை. ஆயினும் வயலுக்குக் களைநாசினியும் பூச்சிநாசினியும் தெளிக்கும் கருவி அவர்களிடத்தும் உண்டு. ஆகவே இவ்விடயம் தோட்டக்காரருக்கும் நெற்செய்கையாளருக்கும் பொதுவானதாகும்.

1. வன்னீர் என்பது யாது?

சவர்க்காரம் இலகுவில் நுரையாத நீரை வன்னீர் என்றும், இலகுவில் நுரைக்கும் நீரை மென்னீர் என்றும் கூறுவர். மழைநீர் மென்னீராகும். அது வானிலிருந்து விழும்போதும், வேர்கள் நிறைந்த மேல்மண்ணினூடே கசியும்போதும் காபனீரொட்சைட்டு வாயுவை உட்கொண்டு சிறிதளவு அமிலத் தன்மை பெறுகின்றது. குடாநாட்டின் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். சுத்தமான நீரிற் சுண்ணக்கல் கரைவது மிக அரிது. ஆனால் காபனீரொட்சைட்டு கலந்த நீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இவ்வாறு கல் கரைந்து உண்டான வெடிப்புகளாலும் குகைகளாலும் அமைந்தவையே. வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரையும் இத்தகைய சுண்ணக்கல் காணப்படுகின்றது. சுண்ணக்கல் இல்லாத உலர்வலயப் பகுதிகளிலுங்கூடப் பல கிணறுகளின் நீர் வன்னீராகவே உள்ளது.

ஒரு லீற்றர் நீரிற் கரைந்துள்ள கல்சிய, மகனீசிய உப்புகளைச் சுண்ணக்கல்லின் நிறையாகக் கணக்கிட்டு நீரின் வன்மையை அளப்பர். 60 மில்லிகிராமுக்கு உட்பட்டது மென்னீர். 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டது மிக்க வன்னீர். ஒரு கிணற்று நீரின் வன்மை 300 மில்லிகிராம் எனக் கொள்வோம். அந்நீர் 1,000 லீற்றரில் 300 கிராம் சுண்ணப்பொருள் கண்ணுக்குப் புலப்படாது அடங்கியிருக்கும். நீர் தெளிவாக இருத்தலால் அதில் ஒன்றுமில்லை என எண்ணுதல் தவறாகும்.

வன்னீர் பயிருக்கு நஞ்சன்று. உவர்நீர் வேறு, வன்னீர் வேறு. உவர்நீரில் மிகுந்திருப்பது கறியுப்பு; அது பயிரைக் கருக்கும். வன்னீரில் மிகுந்திருப்பது சுண்ணம். அது பெரும்பாலும் கருவியையே கெடுக்கும். பயிர் கெடுவது கருவி கெட்டமையால் நேர்வதாகும்.

2. துளை அடைபடும் விதம்

கரைந்த சுண்ணத்தை நீரில் வைத்திருப்பது காபனீரொட்சைட்டு என்பது மேலே கூறப்பட்டது. நீர் சூடேறும்போதும், காற்றுப்பட்டுத் துளிகளாகச் சிதறும்போதும், அவ்வாயு வெளியேறுகின்றது. நீர் ஆவியாகும்போது கரைந்த பொருள் செறிவடைகின்றது. அப்போது சுண்ணம் மீண்டும் கல்லாகிப் படிகின்றது. வீட்டில் நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்ணிற ஓடு படிவதும், குளியலறையில் நீர் தூவும் குழாய்த்தலை அடைபட்டுத் தாரைகள் கோணலாகப் பாய்வதும் இதனாலேயே.

நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது படிவு குறைவு. வேலை முடிந்தபின் துளையின் விளிம்பில் தங்கும் கடைசித் துளியே பெருங் கேட்டை விளைவிப்பது. அத்துளி வெயிலிற் காய்ந்து மெல்லிய வெண்படலம் ஒன்றை விட்டுச் செல்லும். மறுநாள் அதன்மேல் இன்னொன்று படியும்.

ஒரு துளையின் விட்டம் 1 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். சுற்றிலும் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் ஓடு படிந்தால் விட்டம் 0.8 மில்லிமீற்றராகும். துளையின் பரப்போ நூற்றுக்கு 64 பங்காகக் குறைந்துவிடும். கடதாசித் தாள் ஒன்றின் தடிப்பளவான ஓடு நீரில் மூன்றிலொரு பங்கைத் தடுத்துவிடுகின்றது. இக்குறைவு ஒரே நாளில் நேராது பல வாரங்களில் நேர்வதால், தினமும் கருவியைக் கையாள்பவருக்கு அது தோன்றுவதில்லை.

3. தோட்டத்திற் காணும் அறிகுறிகள்

(அ) பூவாளியின் நீர் சீரான மழைபோல் விழாது, சில தாரைகள் தடித்தும் சில கோணியும் விழும். தடித்த தாரை விழுமிடத்தில் மண் குழிந்து விதை வெளிப்படும். மற்றைய இடம் காய்ந்து கிடக்கும்.

(ஆ) தூவற் கருவி சுழலாது நிற்கும், அல்லது ஒரு பக்கத்துக்கு மாத்திரம் நீரை வீசும். பாத்தியில் வட்டமாகவோ வரியாகவோ பயிர் வாடிக் காணப்படும்.

(இ) நீரிறைக்கும் இயந்திரம் முன்னையிலும் அதிக நேரம் ஓடவேண்டியிருக்கும். எரிபொருட் செலவு கூடும்.

(ஈ) இலைகளின் மேல் வெள்ளைப் புள்ளிகள் காணப்படும். இதனைச் சாம்பல் நோயெனக் கொண்டு மருந்து தெளிப்போர் உளர். துணியை வினாகிரியில் நனைத்து ஓரிலையைத் துடைத்துப் பார்க்க. புள்ளி நீங்கி, அதன் கீழே இலை பசுமையாகவும் பழுதின்றியும் இருப்பின் அது சுண்ணப் படிவாகும். அதற்கு மருந்து வேண்டியதில்லை.

(உ) தெளிகருவியின் முனையிலிருந்து விசிறிபோல் விரியவேண்டிய புகார் ஒரு புறம் சரிந்தோ, பிளந்தோ, சொட்டுச் சொட்டாகவோ விழும்.

4. அடைப்பின் வகையை அறிதல்

எல்லா அடைப்பும் சுண்ணமன்று. பரிகாரம் செய்யுமுன் வகையை அறிதல் வேண்டும். அடைப்பைச் சிறிது சுரண்டி எடுத்து, அதன்மேல் இரண்டொரு துளி வினாகிரி விடுக. நுரைத்துக் குமிழி எழும்பினால் அது சுண்ணம். நுரையாது, விரல்களிடையே நறநறத்தால் மணல். பச்சையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பின் பாசி. செங்கபில நிறமாயின் இரும்புத் துரு. நீரில் இட்டவுடன் கரைவதாயின் உப்பு அல்லது உரம். மணலுக்கும் பாசிக்கும் வடியும் தூரிகையும் போதும். சுண்ணத்துக்கே அமிலம் வேண்டும்.

5. துப்புரவு செய்யும் முறை

சுண்ணத்தைக் கரைப்பதற்குக் கடுமையான அமிலம் தேவையில்லை. கடைகளில் விற்கும் வினாகிரி போதியது. தேசிக்காய்ப் புளியை வடித்து உபயோகித்தலும் தகும். ஆனால் வினாகிரியின் ஆற்றலுக்கு ஓர் எல்லையுண்டு. 750 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு போத்தல் வினாகிரியில் அசற்றிக்கமிலம் நூற்றுக்கு 4 பங்கு இருப்பின், அது ஏறத்தாழ 25 கிராம் சுண்ணத்தையே கரைக்கும். எனவே தடித்த ஓட்டை முதலில் மரத்துண்டினால் மெல்லத் தட்டியும் சுரண்டியும் நீக்கிவிட்டு, எஞ்சியதற்கே வினாகிரியைச் செலவிடுதல் சிக்கனமாகும். நுரை எழும்புவது நின்றபின்னும் ஓடு எஞ்சியிருப்பின் வினாகிரியின் வலி தீர்ந்துவிட்டது என்க; புதிதாக ஊற்றுதல் வேண்டும்.

பூவாளித் தலை: தலையைக் கழற்றி, உள்ளே தங்கிய மணலை நீரால் அலசி நீக்குக. றப்பர் வளையம் இருப்பின் அதனை அகற்றி வைக்க. பின்னர் துளைகள் மூழ்கும்படி ஒரு பிளாஸ்ரிக் பாத்திரத்தில் வினாகிரியில் இடுக. பிளாஸ்ரிக் தலையை இரவு முழுவதும் ஊறவிடலாம். பித்தளைத் தலைக்கு ஒரு மணி நேரம் போதும். நாகம் பூசிய தகரத் தலையை 15 நிமிடத்துக்கு மேல் வைத்தலாகாது. வினாகிரி நாகத்தையும் அரித்துவிடும். அதன்பின் பழைய பற்றூரிகையால் இருபுறமும் தேய்த்து, எஞ்சிய துளைகளைச் சீவிய தென்னீர்க்கினால் உட்புறமிருந்து வெளிப்புறமாகக் குத்தி நீக்கி, நல்ல நீரால் அலசுக.

தூவற் கருவி: கழற்றக்கூடியதைக் கழற்றி மேற்கூறியவாறே செய்க. கழற்ற முடியாததாயின், ஒரு பொலித்தீன் பையில் வினாகிரி ஊற்றி, கருவியின் தலை அதனுள் மூழ்குமாறு பொருத்தி, பையின் வாயைக் கயிற்றினால் இறுகக் கட்டிவிடுக. ஒரு மணி நேரத்தின் பின் அவிழ்த்து நீரை வேகமாகத் திறந்துவிட, இளகிய படிவு வெளியேறும். வீட்டுக் குளியலறைக் குழாய்த்தலைக்கும் இம்முறையே ஏற்றது.

தெளிகருவியின் முனை: இதிற் பெருங் கவனம் வேண்டும். கையுறை அணிக. முதலிற் கருவியில் நல்ல நீர் நிரப்பி மும்முறை கழுவுக. அந்நீரை மருந்து தெளித்த பாத்தியின் மீதே தெளித்துத் தீர்க்க. கிணற்றுக் கட்டினருகே கருவியைக் கழுவுதல் பெருந் தீங்காகும். சுண்ணக்கல்லில் வெடிப்புகள் மிகுதியாதலால், மேலே ஊற்றிய நஞ்சு விரைவிற் கிணற்றை அடையும். அக்கிணற்று நீரையே வீட்டாரும் அயலாரும் குடிக்கின்றனர். கழுவியபின் முனையையும் அதன் வடியையும் கழற்றிச் சவர்க்கார நீரில் அலசி, வினாகிரியில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் துலக்குக. இதற்கு எடுத்த பாத்திரத்தையும் தூரிகையையும் மீண்டும் வீட்டுப் பாவனைக்கு எடுத்தலாகாது.

சொட்டு நீர்ப்பாசனக் குழாய்: குழாய்களின் கடைமுனைகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுக. வடியைக் கழற்றிக் கழுவுக. கழற்றக்கூடிய சொட்டிகளை வினாகிரியில் ஊறவிடலாம். தோட்டம் முழுவதிலுமுள்ள குழாய்களினூடே ஐதான அமிலத்தைச் செலுத்தித் துப்புரவு செய்யும் முறையும் உண்டு. அதற்கு அமிலத்தின் அளவை நீரின் வன்மைக்கேற்பக் கணித்தல் வேண்டுமாதலால், விவசாயப் போதனாசிரியரின் நேரடி வழிகாட்டலின்றி அதனைச் செய்தலாகாது.

6. செய்யத்தகாதவை

ஆணி, ஊசி, கம்பி என்பவற்றால் துளையைக் குத்துதல் பரவலாகக் காணப்படும் வழக்கம். இதனால் அடைப்பு நீங்குவது உண்மையே. ஆனால் துளை அகன்றும் கோணியும் விடுகின்றது. பூவாளியில் இது நீரை வீணாக்கும். தெளிமுனையிலோ நஞ்சை மிகையாக்கும். துளையின் பரப்பு ஐந்திலொரு பங்கு கூடினால், அதே வேகத்தில் நடந்து தெளிப்பவர் ஐந்திலொரு பங்கு மருந்தை அதிகமாகப் பயிரின்மேல் இடுகின்றார். பணம் வீணாவதோடு, அறுவடையில் நஞ்சின் எச்சமும் மிகும்.

அடைபட்ட தெளிமுனையை வாயில் வைத்து ஊதுதல் எக்காரணங் கொண்டும் ஆகாது. வயலின் நடுவே முனை அடைபட்டு, நேரமும் போகின்றதே என்ற அவசரத்தில் இதனைச் செய்வோர் உளர். முனையில் எஞ்சியிருக்கும் சில துளிகளே ஒருவரை நோயாளியாக்கப் போதுமானவை. துப்புரவான மேலதிக முனையொன்றைச் சிறு பையிலிட்டு வயலுக்குக் கொண்டு செல்பவருக்கு இவ்வாபத்து நேராது.

மின்கலத்துக்குரிய சல்பூரிக்கமிலத்தை உபயோகித்தலும் ஆகாது. அது தோலையும் கண்ணையும் எரிக்கும். சுண்ணத்துடன் சேர்ந்து கரைதற்கரிய வேறொரு படிவையும் உண்டாக்கும். எவ்வமிலத்தையும் வெளிற்றும் தூளுடன் கலத்தலாகாது. கொடிய குளோரீன் வாயு வெளிப்படும். கடும் அமிலத்தை ஐதாக்க வேண்டியவிடத்து, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.

சலவைச் சோடா முதலியவற்றை இட்டு நீரை மென்மையாக்கிப் பயிருக்கு விடுதலும் தகாது. அதனாற் சோடியம் மண்ணிற் சேர்ந்து மண்ணின் தன்மையைக் கெடுக்கும்.

7. அளந்து பார்த்தல்

துப்புரவு போதுமா என்பதைக் கண்ணினால் மதிப்பிடாது அளந்து அறிதல் வேண்டும்.

பூவாளி புதிதாயிருக்கும்போது, அதனை நிரப்பி, முழுவதும் தெளித்து முடிய எத்தனை செக்கன் செல்கின்றதெனக் குறித்துக்கொள்க. பின்னர் இரு வாரங்களுக்கொருமுறை அவ்வாறே பார்க்க. நேரம் கூடியிருப்பின் துளைகள் அடைபடத் தொடங்கிவிட்டன.

தெளிகருவியில் நல்ல நீர் நிரப்பி, வழக்கம்போல் சீராக இயக்கி, முனையின் நீரை ஒரு நிமிடம் அளவைப் பாத்திரத்தில் ஏந்துக. புதிய முனையின் அளவை ஒரு கடதாசியில் எழுதிக் கருவி வைக்கும் இடத்தில் ஒட்டி வைத்தல் நன்று. அளவு குறைந்திருப்பின் முனையைத் துப்புரவு செய்க. நூற்றுக்கு 10 பங்குக்கு மேற் கூடியிருப்பின் முனை தேய்ந்துவிட்டது. அதனை எறிந்து புதியது வாங்குக. முனையின் விலை சிறிது; அதனால் மிகையாகச் செலவாகும் மருந்தின் விலை பெரிது.

தூவற் கருவிக்கு, ஒரே அளவான வெற்றுப் பேணிகளைப் பாத்தியில் ஒரு மீற்றர் இடைவெளியில் வைத்து, காற்றில்லாத காலை வேளையில் அரை மணி நேரம் நீர் விடுக. ஒவ்வொரு பேணியிலும் நின்ற நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்க. ஓரிடத்தில் 8 மில்லிமீற்றரும் இன்னோரிடத்தில் 3 மில்லிமீற்றரும் நிற்குமாயின், அங்கே பயிர் வாடியமைக்கு நோயைத் தேடவேண்டியதில்லை.

8. வருமுன் காத்தல்

வேலை முடிந்ததும் பூவாளியில் எஞ்சிய நீரை ஊற்றிவிட்டு, தலையைக் கழற்றி உதறித் துணியால் துடைத்து, நிழலிற் கவிழ்த்து வைக்க. ஒரு நிமிடமும் செல்லாத இச்செயல் வினாகிரிச் செலவிற் பெரும்பகுதியை மீதப்படுத்தும். குழாய்களிலும் நீரைத் தேங்கவிட்டு வெயிலிற் கிடக்கவிடலாகாது.

நீர்த்தொட்டி உடையோர் அதனை வெளிச்சம் புகாது மூடி வைத்தல் வேண்டும், பாசி வளராது. வெளிக்குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அமைத்தால், அடியிற் படிந்த சுண்ணமும் மணலும் கருவிக்குச் செல்லா. இயந்திரத்துக்கும் தூவற் கருவிக்கும் இடையே வடியொன்று இருத்தல் அவசியம்; அதனை வாரந்தோறும் கழுவுக.

பொசுபேற்று உரங்களை வன்னீரிற் கரைத்துச் சொட்டுக் குழாய்களில் விடுமுன், சிறிது உரத்தை அதே கிணற்று நீரிற் கரைத்து ஓரிரவு வைத்துப் பார்க்க. நீர் கலங்கிப் படிவு விழுமாயின், அதே படிவு குழாயினுள்ளும் விழும். அத்தகைய உரத்தை மண்ணில் இடுதலே நன்று.

மருந்து கரைப்பதற்கு மழைநீரைச் சேர்த்து வைத்தல் மிகச் சிறந்தது. வன்னீரிலுள்ள சுண்ணம் சில களைநாசினிகளுடன் சேர்ந்து அவற்றின் ஆற்றலையும் குறைத்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில், 20 சதுர மீற்றர் பரப்புள்ள கூரையொன்றில் ஒரு சென்ரிமீற்றர் மழை விழுந்தால் 200 லீற்றர் நீர் கிடைக்கும். 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவியை 12 முறை நிரப்ப அது போதும். கூரையின் தூசியைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு, பின்வரும் நீரைச் சேர்க்க. டெங்கு நுளம்பு பெருகாதவாறு பீப்பாவை வலைத்துணியால் இறுக மூடி வைத்தல் வேண்டும்.

9. நினைவிற் கொள்ள வேண்டியவை

மேடையிலோ பாத்தியிலோ பயிர் திட்டுத் திட்டாக வாடினால், மருந்துக் கடைக்குச் செல்லுமுன் நீர் தெளிக்கும் கருவியைப் பார்க்க.

அடைப்பின்மேல் ஒரு துளி வினாகிரி விட்டு வகையை அறிக.

வினாகிரியும் தூரிகையும் ஈர்க்கும் உபயோகிக்க. ஆணியும் ஊசியும் வேண்டா. தெளிமுனையை வாயில் வைத்து ஊதற்க.

தெளிகருவியைக் கிணற்றருகே கழுவற்க.

புதிய கருவியின் அளவைக் குறித்து வைத்து, இரு வாரங்களுக்கொருமுறை ஒப்பிட்டுப் பார்க்க.

கடைசித் துளியைக் காயவிடாது துடைத்து, கருவியை நிழலில் வைக்க.

கிணற்று நீரின் வன்மையை மாற்றுதல் கமக்காரர் கையில் இல்லை. அந்நீர் கருவியில் விட்டுச் செல்லும் கல்லை உரிய காலத்தில் நீக்குதல் அவர் கையில் உள்ளது. அதனைச் செய்வோரின் மேடையில் நாற்று ஒருசேர எழும். இறைத்த நீரும் கொடுத்த காசும் வீண்போகா. இது பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை, அடைபட்ட முனையுடனும் ஒரு போத்தல் கிணற்று நீருடனும் சென்று காண்க.